விழுங்கப்பட்ட பின் ஒளிரும் சாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் நிறம் கடும் இளஞ்சிவப்பாகும்; சவர்க்காரக் கரைசல் விட்டால் பச்சையாகும். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்த பலரும் இதைச் செய்துபார்த்திருப்பர். உயிருள்ள கலமொன்று எதை விழுங்கியது, விழுங்கியதை என்ன செய்தது என்று அறிவதற்கும் இத்தகைய நிறமாற்றமே துணைநிற்கிறது.

1882ஆம் ஆண்டில், இத்தாலியின் மெசினாவில், கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குடம்பிக்குள் ஒரு முள்ளைச் செருகிய விலங்கியலாளர் மெச்னிக்கோவ், அதைச் சூழ்ந்து கலங்கள் திரண்டதைக் கண்டார். அந்நியப் பொருள்களை விழுங்கும் இத்தகைய கலங்களான தின்குழியங்கள் பற்றிய அவருடைய ஆய்வு 1908இல் நோபல் பரிசைப் பெற்றது. அமிலத்தில் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தின் துணிக்கைகள் விழுங்கப்பட்டபின் உள்ளே சிவப்பதையும் அவர் கவனித்தார். இன்றைய நுட்பத்தின் வித்து அதுதான் என்பேன்.

கலம் ஒரு பற்றீரியாவை விழுங்கும்போது, தன் மென்சவ்வாலேயே அதைச் சுற்றி ஒரு பையாக்கிக்கொள்கிறது. அந்தப் பையின் சுவரிலுள்ள புரதப் பம்பிகள், ஏரீபீ என்னும் சக்திப் பொருளைச் செலவிட்டு, ஐதரசன் அயன்களை உள்ளே தள்ளுகின்றன. பின்னர் இலைசோசோம்கள் என்னும் செரிமானப் பைகள் வந்து இணைய, 7 அளவில் இருந்த பீ.எச் பெறுமானம், அதாவது அமிலம் கூடக் குறையும் அளவு, 5க்கும் கீழே இறங்குகிறது. இரண்டு அலகு இறக்கம் என்றால் அமிலத்தன்மை நூறு மடங்கு கூடியது என்று பொருள்.

ஆனால் ஒளிரும் சாயம் பூசிய துணிக்கைகளைக் கலங்களுக்கு ஊட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கிடக்கும் துணிக்கையும் உள்ளே போன துணிக்கையும் ஒன்றுபோலவே ஒளிரும். புளோரசீன் என்னும் பச்சைச் சாயத்தைப் பூசினால் நிலைமை இன்னும் மோசம்: அது வெளியே பிரகாசித்து, அமிலத்துள் மங்கிவிடும். வெளியொளியை அடக்குவதற்கு திரைப்பன் நீலம் என்னும் வேறொரு சாயத்தைச் சேர்க்கவேண்டியிருந்தது. எனினும் அந்தப் பலவீனமே ஒருமுறை பலமானது. 1978இல் ஒக்கூமா, பூல் ஆகிய இருவரும் புளோரசீனை இரு அலைநீளங்களில் ஒளியூட்டி, ஒளிர்வுகளின் விகிதத்தைக் கொண்டு இலைசோசோமின் பீ.எச் 4.7 முதல் 4.8 வரை என அளந்தனர்.

பின்னர் ரோடமீன் என்னும் ஒளிரும் சாய வகையிலிருந்து உருவாக்கப்பட்ட பீஎச்ரோடோ போன்ற சாயங்கள் இதற்கு நேர்மாறானவை. நடுநிலையான வெளியூடகத்தில் அவை மங்கிக்கிடக்கும். அமிலப் பைக்குள் போனதும் ஒளிவிடும். கழுவி அகற்றும் வேலை பெரிதும் குறைகிறது.

இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். சாயம் அறிவிப்பது அமிலத்தையே. விழுங்குதலை நாம் ஊகிக்கிறோம். காசநோய்ப் பற்றீரியா தான் தங்கியிருக்கும் பையின் பீ.எச்சை ஏறக்குறைய 6.2 முதல் 6.4 வரையிலேயே நிறுத்திவைக்கும் வல்லமை உடையது. கிருமி உள்ளே இருக்க, சாயமோ மங்கலாகவே இருக்கும். ஆகவே பம்பியை முடக்கும் பஃபிலோமைசின் இட்ட கலங்களையும், விழுங்கவே இயலாதபடி 4 பாகை செல்சியசில் வைத்த கலங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்.

கலங்களை வளர்க்கும் ஊடகத்திலும் பீனோல் சிவப்பு என்னும் காட்டி பெரும்பாலும் கலந்திருக்கும். கவனிப்பாரற்றுக் கிடந்து அது மஞ்சளாகியிருந்தால், வெளியேயும் அமிலம் ஏறிவிட்டது. அந்தத் தட்டிலிருந்து எடுத்த ஒளிர்வு அளவீட்டை நான் ஏற்கமாட்டேன்.