பல்லும் ஆழ்துளைக் கிணறும்

(தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளி விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மாலை போட்ட கையோடு "பத்து நிமிடம்தான்" என்று காதில் சொன்ன தலைமையாசிரியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பந்தல் போட்டுத் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பல் மருத்துவர் அம்மா அவர்களே! யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு என்னும் தாதுவைப் பற்றி மூன்று செய்திகள்: அதன் நன்மை, அதன் கெடுதல், பற்பசை வாங்கும் முறை.

இனிப்பைத் தின்றால் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கரைக்கிறது. எச்சிலில் சிறிது புளோரைடு இருந்தால், கரைந்த தாது மறுபடி படிந்து முன்னைவிட உறுதியாகிறது. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1945இல் குடிநீரில் புளோரைடு கலந்தார்கள். பிள்ளைகளின் சொத்தைப்பல் பாதிக்கு மேல் குறைந்தது. கலந்தது லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! அங்கே மனிதன் அளந்து கலந்தான். இங்கே நிலத்தடிப் பாறை அதைக் கிணற்று நீரில் கலக்கிறது. பாறைக்கு ஏது அளவு?

என் தாய்மாமன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பெண்ணின் பாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி பேசுவாரா?" என்றார். "பேசுவேன் பாட்டி" என்றான். பழுப்பேறிய பல் வெளியே தெரிந்துவிட்டது. "புகையிலையா?" "இல்லை." "பீடியா?" "ஐயோ, இல்லை." மாமா எழுந்து, "அம்மா, எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி" என்றார். பாட்டி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு வா அம்மா, அவர்களும் நம் தண்ணீர்தான்!" அந்த மாதமே தாம்பூலம் மாற்றினோம்.

சிரிக்கிறீர்கள். அந்தப் பழுப்பு உப்பும் கரியும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள், எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை அது. புளோரைடு பல்லோடு நிற்காமல் எலும்புக்கும் போகும். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்கிறார்கள். தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் கிழவிகள் சும்மாவா சொன்னார்கள்?

2013இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, வாழ்த்துகிறேன். ஆனால் குழாய் வராத நாளில் பிள்ளை எங்கே ஓடும்? பழைய கைப்பம்புக்குத்தான். ஊராட்சித் தலைவர் ஐயா கோபிக்கக் கூடாது. ஒவ்வொரு பம்பின் தண்ணீரையும் சோதித்து, புளோரைடு அளவை அதன் மேலேயே பெயின்டில் எழுதுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. எழுத்துத் தெரியாதவருக்கும் சிவப்புத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். பற்பசையை மருத்துவர் அம்மா பார்த்துக்கொள்வார். பம்புக்கான மனு மேடைக்கு இடப்புறம் மேசையில் இருக்கிறது, கைநாட்டும் செல்லும்.