எந்தத் தலைக்கு அந்த ஒளி?

நேயர்களுக்கு வணக்கம்.

முடி கொட்டுகிறது என்று தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் இப்போது கைபேசியையும் சேர்த்தே நீட்டுகிறார்கள். அதில் ஒரு விளம்பரம் இருக்கும். உள்பக்கம் முழுக்கச் சிவப்பு விளக்குகள் பதித்த தொப்பியோ, ஹெல்மெட்டோ, சீப்போ அதில் மின்னும். "டாக்டர், இதை வாங்கலாமா? மாதத் தவணையில் தருகிறார்களாம்" என்பார்கள். கேட்கிறவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நெற்றி ஏறிக்கொண்டே போகும். வகிடு அகலமாவதைத் தினமும் கண்ணாடியில் பார்த்து மனம் ஒடிந்து வரும் பெண்களும் உண்டு.

"வாங்கு" என்றோ "வேண்டாம்" என்றோ அவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒளிச் சிகிச்சை ஏமாற்று வேலை அல்ல. அதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது, பலனும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் ஒரே ஒரு வகை முடி உதிர்வுக்குத்தான் பரிசோதித்துக் காட்டப்பட்டிருக்கிறது. உங்களுடையது அந்த வகைதானா என்று தெரியாமல் பணத்தைக் கட்டக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதை சுவையானது. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற இயற்பியலாளர் உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து சிவப்புக் கதிரை வரவழைக்கும் கருவி அது. சில ஆண்டுகளிலேயே, இந்தக் கதிரைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகளை அழிக்க முடியுமா என்று மருத்துவர்கள் முயன்று பார்க்கத் தொடங்கினார்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை மருத்துவரும் 1967 வாக்கில் எலிகளை வைத்து அந்தச் சோதனையில் இறங்கினார். தோல் நன்றாகத் தெரிவதற்காக எலிகளின் முடியை மழித்துவிட்டுக் கதிரைப் பாய்ச்சினார். அவரிடம் இருந்த லேசர் வலுக் குறைந்தது. அதனால் கட்டிகள் அழியவில்லை. ஆனால் கதிர் பட்ட எலிகளுக்கு, படாத எலிகளைவிட முடி சீக்கிரம் முளைத்து வந்தது. தேடியது கிடைக்காவிட்டாலும் கண்ணில் பட்டதை அவர் அலட்சியம் செய்யவில்லை. அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அதே மெல்லிய கதிர் புண்களை ஆற்ற உதவுமா என்று அடுத்த பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்று வலி, வாய்ப்புண் போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் மென்லேசர் சிகிச்சை முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தியும் உண்டு. முகத்தில் வேண்டாத முடியை நீக்க வலுவான லேசர் கொடுக்கிறோம் அல்லவா? அப்படிக் கொடுக்கும்போது சிலருக்கு, குறிப்பாக மாநிறமும் கருநிறமும் உடைய பெண்களுக்கு, சிகிச்சை தந்த இடத்தைச் சுற்றி முடி குறைவதற்குப் பதிலாகக் கூடுதலாக முளைத்துவிடுகிறது. முடியின் வேரைச் சுடுமளவுக்கு இல்லாத குறைந்த ஒளி அங்கே சிந்தி, மயிர்க்காலைத் தூண்டிவிடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஒளிக்கு முடியைப் போக்கவும் தெரியும், வளர்க்கவும் தெரியும். எது நடக்கும் என்பதை அளவு தீர்மானிக்கிறது. "இருபது நிமிடத்துக்கு இவ்வளவு பலன் என்றால் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. அளவு மீறினால் பலன் கூடுவதில்லை, குறையவும் கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது? நம் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு இருக்கிறது. அதிலுள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அதற்குச் சற்று அப்பால் உள்ள அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, ஓய்வில் இருந்த மயிர்க்கால் வளர்ச்சிக் கட்டத்துக்குத் திரும்புகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முடி வளர்க்கும் கருவிகள் பெரும்பாலும் 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. இது புற ஊதாக் கதிர் அல்ல, தலையைச் சுடுவதும் இல்லை. "அப்படியானால் மொட்டை மாடியில் வெயிலில் நின்றால் போதாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வெயிலிலும் சிவப்பு ஒளி இருக்கிறது, ஆனால் கூடவே புற ஊதாக் கதிரும் வெப்பமும் வருகின்றன. முடி மெலிந்த தலைக்கு அவை கெடுதல். அத்தகைய தலைக்கு வெயிலில் தொப்பி வேண்டும்.

சரி, பலன் எவ்வளவு? 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக்கொள்வோம். பரம்பரை வழுக்கை உள்ள 128 ஆண்களும் 141 பெண்களும் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான லேசர் சீப்பு, மற்றவர்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலிச் சீப்பு. யாரிடம் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் என்று 26 வாரம் பயன்படுத்தினார்கள். முடிவில், உண்மையான கருவி வைத்திருந்தவர்களுக்குத் தலையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் சராசரியாக 18 முதல் 26 முடி வரை கூடியிருந்தது. போலிக் கருவி வைத்திருந்தவர்களுக்கும் 2 முதல் 9 வரை கூடியிருந்தது. அந்தக் கருவியைத் தயாரித்த நிறுவனமே ஆய்வுக்குப் பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் அது வழக்கமாக இருக்கிறது.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? ஆரோக்கியமான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 முடி இருக்கும். அந்த அளவுக்கு முன்னால் 20 முடி என்பது சிறு முன்னேற்றம். மெலிந்த இடம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியலாம், உதிர்வது மட்டுப்படலாம். பளபளவென்று ஆகிவிட்ட உச்சந்தலையில் காடு மாதிரி முடி முளைக்காது. விளம்பரத்தில் 'முன்பு', 'பின்பு' என்று போடும் படங்களை நம்பி ஒரு பையன் தன் முதல் போனஸைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அவனிடம் இந்த எண்களை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"அமெரிக்க அரசே அங்கீகரித்தது" என்றும் விளம்பரத்தில் வரும். லேசர் சீப்புக்கு 2007இல் ஆண்களுக்கும் பின்னர் 2011இல் பெண்களுக்கும் அங்கே விற்பனை அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் இத்தகைய கருவிகள் அனுமதி பெறும் பாதை வேறு. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது பாதுகாப்பிலும் செயலிலும் இணையானது என்று காட்டினால் போதும். 1988இல் மினாக்சிடிலும் 1997இல் ஃபினாஸ்டிரைடும் முடிக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றபோது கடந்த சோதனைகள் இதைவிடக் கடுமையானவை.

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முடி கொட்டுவது ஒரே நோய் அல்ல.

ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் ஏறி உச்சி மெலிவது, பெண்களுக்கு வகிட்டை ஒட்டி அடர்த்தி குறைவது, இவை பரம்பரை வகை. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ஆண்களின் மயிர்க்கால்கள் ஆட்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, தடித்த முடிக்குப் பதில் பூனைமுடியைத் தருகின்றன. பெண்களுக்கு ஹார்மோனின் பங்கு இவ்வளவு தெளிவாக இல்லை, ஆனால் மயிர்க்கால் சிறுப்பது அதே மாதிரிதான். இந்த வகைக்குத்தான் ஒளிச் சிகிச்சை. அதிலும் சிறுத்துப்போன மயிர்க்கால் உயிரோடு இருக்கும் கட்டத்தில்தான்.

இன்னொரு வகை இருக்கிறது. டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு, கோவிட் என்று ஏதோ ஒரு காய்ச்சல் வந்து போகும். பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைப்பது, பிள்ளைப்பேறு, இவற்றுக்குப் பிறகும் இது வரும். உடலுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக் காலம் ஏறத்தாழ மூன்று மாதம் என்பதால், காய்ச்சலை மறந்தே போன பிறகு தலை சீவும்போது கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் மயிர்க்காலுக்கு எந்தக் கேடும் இல்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வது தானாகவே நின்று, முடி திரும்ப முளைத்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒளித்தொப்பி விற்கிறவர்கள், "நான்கு முதல் ஆறு மாதம் போட்டுக்கொள்ளுங்கள், பலன் தெரியும்" என்கிறார்கள். காய்ச்சலுக்குப் பின் கொட்டிய முடி தானாக முளைக்கவும் அதே காலம்தான் ஆகிறது. தொப்பி போட்டவருக்கும் முளைக்கும், போடாதவருக்கும் முளைக்கும். புகழ் தொப்பிக்குப் போகும். அவர் தன் அனுபவத்தைப் பத்துப் பேரிடம் மனதாரச் சொல்வார். அதைக் கேட்டு, உண்மையில் வேறு காரணத்தால் முடி கொட்டுகிற இன்னொருவர் வாங்குவார். பிள்ளை பெற்ற நான்காம் மாதத்தில் என்னிடம் வந்த ஓர் இளம் தாய், வளையலை அடகு வைத்துக் கருவி வாங்கியிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது தூக்கமும், நல்ல சாப்பாடும், "இது சரியாகிவிடும் அம்மா" என்று ஒருவர் சொல்வதும்தான்.

இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் பெண்களுக்கு முடி கொட்டும்போது கட்டாயம் பார்க்க வேண்டியவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு பெண்ணின் தலைக்கு விளக்குப் போடுவதற்கு முன்னால் அவள் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டாமா? மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்றும் பார்க்க வேண்டும்.

வட்டமாக ஓரிடத்தில் முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்காலையே தாக்குவது அது. அதற்கு ஊசி மருந்து முதலான வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. குழந்தைகளின் தலையில் செதில் செதிலாக வரும் படை பூஞ்சைத் தொற்று, அதற்கு மாத்திரை வேண்டும். மயிர்க்காலே அழிந்து தழும்பாகிவிடும் வகையும் உண்டு. பட்டுப்போன மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் துளிர்க்காது. அங்கே ஒளியால் பயனில்லை என்பதோடு, கருவியை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கும்போது மிச்சமிருக்கும் மயிர்க்கால்களும் அழிந்துகொண்டே போகும். எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நம்மூர் நேயர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்துத் தோலை ஆறு வகையாகப் பிரிப்பது மருத்துவ வழக்கம். முதல் வகை மிக வெளிறியது, ஆறாம் வகை நல்ல கறுப்பு. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறாம் வகையினர். லேசர் சீப்பு உட்படப் பல கருவிகளுக்கு அமெரிக்காவில் கிடைத்த அனுமதி முதல் நான்கு வகைத் தோலுக்கு மட்டும்தான். தோலின் கருமை நிறமி ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அடர்ந்த கருமுடியும் ஒளியை வழிமறிக்கும். நம் தலைகளில் இந்தக் கருவி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு, நம் தலைகளில் நடந்த பெரிய ஆய்வுகள் வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகள், கருவி நிறுவனங்களின் பணத்தை எதிர்பார்க்காமல், இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

பரம்பரை வகைதான் என்று மருத்துவர் உறுதி செய்து, கையில் பணமும் பொறுமையும் இருந்தால் முயன்று பார்க்கலாம். தனியாகப் போட்டுக்கொள்வதைவிட மினாக்சிடிலோடு சேர்த்துக்கொள்வதில் பலன் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெய் இல்லாத, உலர்ந்த தலையில் முடியை வகிர்ந்து, ஒளி தோலில் படும்படி வையுங்கள். கதிரைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் போன்ற, ஒளிக்குத் தோலைக் கூச வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தலையில் சந்தேகமான கட்டியோ ஆறாத புண்ணோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதல் சில வாரங்களில் உதிர்வது கொஞ்சம் கூடலாம், அரிப்பும் வறட்சியும் வரலாம். நிறுத்தினால், கிடைத்த பலன் மெல்லப் போய்விடும் என்பதையும் வாங்கும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை, அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வெளிச்சத்தில், உலர்ந்த தலையை உச்சியிலிருந்து படம் எடுத்து வையுங்கள். ஆறாவது மாதப் படத்தையும் முதல் படத்தையும் வீட்டில் வேறொருவரிடம், எது முந்தியது என்று சொல்லாமல் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

அதற்கெல்லாம் முன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலை வெளிநோயாளர் நேரத்தில் போய்ச் சீட்டு வாங்கிக் காட்டுங்கள். கட்டணம் இல்லை. உங்களுடையது எந்த வகை உதிர்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

வணக்கம்.