கல் வெளியே வந்தால் எறியாதீர்கள்: சிறுநீரகக் கல் பரிசோதனை

காட்சி: மெல்லிய துணி கட்டிய வடி. அதில் மிளகை விடச் சிறிய, பழுப்பு நிறக் கல்.

வலி விட்டதும் பலர் கல்லைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த கல்லைத் தடுக்க வழி காட்டுவதே அந்தக் கல்தான். ஸ்கேன் கல்லின் அளவையும் இடத்தையும் காட்டும்; எதனால் ஆனது என்று உறுதியாகச் சொல்லாது.

வலி தொடங்கியது முதல் ஒவ்வொரு தடவையும் சலத்தை வடியுங்கள், இரவிலும்தான். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் கல்லுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கிடைத்த கல்லை அலசி, கடதாசியில் உலர்த்தி, சின்னப் போத்தலில் போடுங்கள். பிளாஸ்டரில் ஒட்டாதீர்கள், பசை சேர்ந்தால் முடிவு குழம்பும். போமலினில் (உடற்பகுதிகளைப் பழுதாகாமல் வைக்கும் திரவம்) ஊறப்போடவும் வேண்டாம்.

காட்சி: ஆய்வுகூடம். குறுக்கே உடைத்த கல்.

நடுக்கருவையும் மேற்படையையும் தனித்தனியே பொடியாக்குவார்கள். கல் தொடங்கிய காரணம் ஒன்று, வளர்ந்த காரணம் வேறொன்றாக இருக்கலாம். அகச்சிவப்புக் கதிரைப் பொடி உறிஞ்சும் விதத்தில் பொருள் தெரியவரும். சில மில்லிகிராமே போதும்.

கூடுதலாக வருவது கல்சியமும் ஒட்சலேற்றும் சேர்ந்த கல்சியம் ஒட்சலேற்றுக் கல். அதற்காகப் பாலையும் தயிரையும் விடுவது பெரிய பிழை. சாப்பாட்டோடு போகும் கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பு. உப்புக் கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும். திருகோணமலைச் சாப்பாட்டில் முதலில் கருவாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

யூரிக் அமிலக் கல்லென்றால், பொற்றாசியம் சித்திரேற்று என்ற மருந்தால் சலத்தின் பீஎச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் குறைந்தால் இது கூடும்) 6.5 அளவுக்கு உயர்த்த, கல் கரையவே கூடும். அதே மருந்தை வைத்தியரைக் கேளாமல் எடுக்காதீர்கள்: பீஎச் ஏறினால் கிருமித் தொற்றால் உண்டாகும் தொற்றுக் கல்லும் பொசுபேற்றுக் கல்லும் வளரும். தொற்றுக் கல்லில் ஒரு துண்டு மிஞ்சினாலும் கிருமி அதற்குள் இருக்கும். சிஸ்டீன் கல் பரம்பரையாக வருவது. கூடப்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

காட்சி: பெயரும் நேரமும் எழுதிய பிளாஸ்டிக் கான்.

அடுத்தது 24 மணிநேரச் சலப் பரிசோதனை: ஒரு நாள் முழுக்க வரும் சலத்தைக் கானில் சேர்த்துச் சோதிப்பது. கல் போய் 6 கிழமைக்குப் பிறகு, வழமையான சாப்பாட்டோடு செய்யுங்கள். காலை 6 மணிச் சலத்தை வெளியே விடுங்கள். பிறகு வருவதெல்லாம் கானுக்குள். மறுநாள் 6 மணிச் சலமும் கானுக்குள். ஒரு தடவை தவறினாலும் திரும்பத் தொடங்க வேண்டும். கான் சூட்டில் இருந்தால் கிருமி பெருகி யூரியாவை உடைத்து, பீஎச்சைப் பொய்யாக ஏற்றிவிடும். ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

நிலாவெளியில் கடலுக்குப் போகிறவர் ஓய்வு நாளில் மட்டும் சேர்த்தால் உண்மை நிலை மறைந்துவிடும். முடிந்தால் தொழில் நாளில் ஒன்று, வீட்டில் இருக்கும் நாளில் ஒன்று. கானில் 2.5 லீற்றருக்குக் குறைவென்றால் குடிக்கும் தண்ணீர் போதவில்லை. வெயிலில் நிற்பவர் வியர்வையில் போவதையும் சேர்த்துக் குடிக்க வேண்டும்.