மீன் முற்றத்தில் காற்றாலை அலுவலகம்

அவையோருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்து என்றதும் எல்லோரும் கோட்டைகளைக் காட்டுவார்கள். நான் பேச வந்திருப்பது மீன் கவிச்சி ஏறிய கல் கட்டடங்களைப் பற்றி. வடகிழக்கு மூலையில், கெய்த்னஸ் பகுதியில் விக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆற்றின் தென்கரையில், பிரிட்டிஷ் மீன்வளச் சங்கத்துக்காகத் தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் ஒரு புதிய ஊரையே வரைந்து கொடுத்தார். அதுதான் புல்ட்னிடவுன். மேட்டில் வீடுகள், கீழே துறையை ஒட்டித் தொழிற்கூடங்கள்.

துறைக்கும் தொழிற்கூடத்துக்கும் ஏன் இத்தனை நெருக்கம்? அங்கே பிடித்தது ஹெர்ரிங் என்ற, எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். கரைக்கு வந்ததும் உப்பில் விழாவிட்டால் கெட்டுவிடும். அந்தத் தொழிற்கூடங்களின் முற்றங்களில் பெண்கள் மூன்று மூன்று பேராக வேலை பார்த்தார்கள். இருவர் குட்டைக் கத்தியால் குடலை எடுப்பார்கள். ஒருவர் பீப்பாய்க்குள் குனிந்து ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று நிரப்புவார். கத்தி பட்ட விரலில் உப்பு ஏறினால் எப்படி இருக்கும்! அதனால் விரல்தோறும் துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள். 1860-களில் பருவம் வந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அங்கே கூடின.

அதைப் பொற்காலம் என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1848 ஆகஸ்ட் புயலில் விக் மீனவர்கள் 37 பேர் மாண்டார்கள். கடல் வற்றத்தில் நீர் இறங்கியிருந்ததால், துறைமுக வாசல்வரை வந்த படகுகள் உள்ளே நுழைய முடியவில்லை. பிறகு 1863-இல் தாமஸ் ஸ்டீவன்சன் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார். 1872-இல் ஒரு புயல் அதன் முனையிலிருந்து 1,300 டன்னுக்கு மேற்பட்ட கற்பாளத்தையே பெயர்த்துத் தள்ளிவிட்டது. சுவர் நிற்கவேயில்லை.

உப்பிட்ட மீன் பெரும்பாலும் ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1914-இல் போர், 1917-இல் புரட்சி, சந்தை சரிந்தது. 1826 முதல் விஸ்கி காய்ச்சிய ஆலையும் 1930-இல் மூடப்பட்டு, 1951-இல்தான் மீண்டும் திறந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1922 முதல் 1947 வரை அந்த ஊரில் மதுவிலக்கு!

இன்று கரையிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில், பீட்ரிஸ் என்ற திட்டத்தில் 84 காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்களின் அலுவலகம் புல்ட்னிடவுனின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து அமைத்ததுதான். இடிக்காமல் விட்டார்களே, பாராட்டலாம். ஆனால் மீன் அறுக்க வந்த கூட்டத்துக்கு ஈடான வேலை இதில் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தொழில்நுட்பர்கள் சிறு படகுகளில் போய் வருகிறார்கள். அலை உயர்ந்தால் அன்றைக்குப் படகு இல்லை.

போக வாய்த்தால், பேங்க் ரோ தெருவில் உள்ள அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். பீப்பாய் செய்த பட்டறையையும் மீன் புகையூட்டிய கூடத்தையும் அங்கே காணலாம்.