வீட்டு வளர்ப்பா, தனிச் சந்திப்பா?

நடுவர் அவர்களே, சபையாரே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

விசுவாசம் பிறப்பது வீட்டு வளர்ப்பிலா, ஆண்டவரைத் தனியாகச் சந்திப்பதிலா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி வளர்ப்புதான் என்றார். பவுலின் சீடன் தீமோத்தேயுவின் பாட்டியையும் தாயையும் சொன்னார், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னாவையும் சொன்னார். சரி, தனிச் சந்திப்புதான் என்று வாதாட வந்த நானும் வெஸ்லியையே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் 1703இல் பிறந்தவர் அவர். அப்பா குருவானவர். அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, தனியாக உட்காரவைத்து ஆத்தும காரியம் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. இப்படி ஒரு தாய் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருப்பார்? பிள்ளை ஆக்ஸ்போர்டில் படித்தார், 1728இல் குருப்பட்டம் பெற்றார், உபவாசம் இருந்தார், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். வளர்ப்பு ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் தர முடியுமோ அதெல்லாம் அவரிடம் இருந்தது.

அப்புறம் அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பல் ஏறினார். 1736 ஜனவரி, நடுக்கடலில் புயல். அதே கப்பலில் வந்த மொராவியர்கள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவ சபையார் சங்கீதம் பாடி ஆராதனையைத் தொடங்கியிருந்த நேரம், பெரிய அலை ஒன்று அடித்துக் கப்பலின் பாயைக் கிழித்துப்போட்டது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பிறகு அவர்களில் ஒருவரிடம் வெஸ்லி கேட்கிறார்: “உங்களுக்குப் பயமாக இல்லையா?” இல்லை என்றார் அவர். “உங்கள் பெண்கள், குழந்தைகள்?” “எங்கள் பெண்களும் குழந்தைகளும் சாகப் பயப்படுவதில்லை.” சாவுக்குத் தான் அஞ்சுவதை நாட்குறிப்பில் ஒப்புக்கொண்ட வெஸ்லி கேட்ட கேள்வி இது.

1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு எட்டே முக்கால் இருக்கும். தன் உள்ளம் அனலானது என்றும், கிறிஸ்து தன்னுடைய பாவத்தையே நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்தது என்றும் எழுதிவைத்தார். அப்போது வயது 34. மறுவருஷம் வெட்டவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1791இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். சுசன்னா அம்மையாரின் வளர்ப்பே போதுமென்றால் அந்த ராத்திரி எதற்கு, நடுவர் அவர்களே?

வேதத்தில் சாமுவேலைப் பாருங்கள். தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. அவனைப் பற்றி வேதம் சொல்கிறது: ‘சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்.’ ஆலயத்துக்குள்ளேயே வளர்ந்தவனையும் ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆசாரியன் ஏலியால் செய்ய முடிந்தது, எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுப்பது மட்டும்.

நம் சபையில், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை உடுத்தி வரிசையாக நிற்கும் பிள்ளைகள். பேராயர் கேட்கக் கேட்க, ஒரே குரலில் பதில் வரும். விசுவாசப்பிரமாணம் ஒரு எழுத்து பிசகாது. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே பிள்ளை படிக்க வெளியூர் போய், விடுதி அறையில் தனியாக இருக்கும்போது, “இதெல்லாம் நிஜம்தானா?” என்ற கேள்வி வரும். அங்கே அப்பா இல்லை, சபை ஐயர் இல்லை, பக்கத்தில் சேர்ந்து சொல்லக் குரல்களும் இல்லை. அந்தப் பதிலை அது தானாகத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் வெஸ்லியைப் போலத் தேதியும் மணியும் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சிலருக்குப் பொழுது விடிவதுபோல மெல்லத்தான் வரும். எப்படி வந்தாலும் அவரவருக்கு வர வேண்டும். தீமோத்தேயுவுக்கும் அப்படித்தான். பாட்டிக்குள்ளும் தாய்க்குள்ளும் விசுவாசம் நிலைத்திருந்தது என்று சொன்ன பவுல் அத்தோடு நிறுத்தவில்லை. ‘அது உனக்குள்ளும் நிலைத்திருக்கிறது’ என்று அவனைத் தனியாகச் சொல்கிறார். பரம்பரைச் சொத்து என்றால் அதைத் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை.

சமாரியா ஊரார் இயேசுவிடம் முதலில் வந்தது கிணற்றடியில் அவரைக் கண்ட அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டுத்தான். வந்த பிறகு அவளிடமே சொன்னார்கள்: இனி உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டு அறிந்து விசுவாசிக்கிறோம். அவள் வருத்தப்பட்டிருப்பாளா? குடும்ப ஜெபம் நடத்தும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளை வாயிலிருந்து கேட்க ஏங்குவது இதைத்தானே, நடுவர் அவர்களே!