பூங்காவுக்குப் பெயர் தந்த அபின் வணிகர்: ஏகபோகம் என்றால் என்ன?

வணக்கம் நண்பர்களே! சிங்கப்பூரில் குடிமக்கள் மேடையேறிப் பேசட்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கம் அமைத்தார்கள் அல்லவா? அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்தவர், ‘வேறு யாரும் விற்கக் கூடாது’ என்ற உரிமையால் செல்வம் சேர்த்தவர். அந்த உரிமைக்குப் பெயர்தான் ஏகபோகம்.

சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். ஏகம் என்றால் ஒன்று, போகம் என்றால் அனுபவிப்பது. பாடநூல்களில் ‘முற்றுரிமை’ என்று இருக்கும். தேக்காவில் ஒரு கடையில் மட்டும் பரோட்டாவுக்கு வரிசை நிற்பது ஏகபோகம் அன்று. பக்கத்துக் கடைக்காரர் மாவே பிசைய முடியாதபடி வழியை அடைத்தால், அதுதான் ஏகபோகம்!

இப்போது கதைக்கு வருவோம். 1820இல், சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் நிர்வாகியான ஃபார்குவார் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அபினைக் காய்ச்சிப் புகைப்பதற்கான ‘சண்டு’ ஆக்கி விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விடும். எடுத்தவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், மிச்சமெல்லாம் அவருக்கு. கள்ளத்தனமாக அபின் வருகிறதா என்று வேவு பார்க்கக் குத்தகைதாரரே சொந்தமாக ஆள் படை வைத்திருந்தார். வரி வசூலும் அவரே, காவலும் அவரே. அரசுக்கு எவ்வளவு சுகம் பாருங்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் அரசு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்துதான் வந்தது.

அந்தக் குத்தகைதாரர்களில் ஒருவர்தான் சியாங் ஹாங் லிம். போட்டியாளர்கள் ஏலத்தில் மோதிக் கையைச் சுட்டுக்கொள்வதைவிடக் கூட்டுச் சேர்வது லாபம் என்று 1870இல் அவரும் வேறு இரு பெரும்புள்ளிகளும் கைகோத்தார்கள். 1876இல் பூங்கா அமைக்க 3,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

1910இல் அரசு குத்தகையை ஒழித்தது. நல்லதாயிற்று என்கிறீர்களா? அபினை அரசே விற்கத் தொடங்கியது! பாசிர் பாஞ்சாங்கில் ஒரு குன்றின் அடியில் இருந்த அதன் அபின் ஆலைதான், அந்தக் குன்றுக்குப் ‘புக்கிட் சண்டு’ (மலாய் மொழியில் ‘அபின் குன்று’) என்ற பெயர் வரக் காரணம்.

இன்றைய சட்டம்? சந்தையில் ஆதிக்கம் பெறுவது குற்றமன்று. அதைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். போட்டியைக் குறைக்கும் இணைப்புகளுக்கும் தடை உண்டு. 2018இல் வாடகைக் கார் செயலி நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி நிறுவனமான கிராப்பிடம் விற்றபோது, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 13 மில்லியன் வெள்ளி அபராதம். ஓட்டுநர்களை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடக் கூடாது என்றும் ஆணை வந்தது. அபராதத்தைவிட இந்த ஆணைதான் எனக்குப் பிடித்தது.

உங்கள் பேட்டையில் ஒருவர் மட்டுமே ஏகபோக உரிமை கொண்டாடும் பொருள் எது? கீழே எழுதுங்கள். வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட் கணக்கில் வராது, சொல்லிவிட்டேன்!