21 நாள் போடு, 7 நாள் விடு: பால்போசிக்ளிப் கணக்கு எங்க தப்புது?

வணக்கம் மக்களே. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவின பிறகு எழுதிக் கொடுக்குற மருந்துகள்ல ஒண்ணே ஒண்ண மட்டும் இன்னிக்குப் பார்ப்போம். பால்போசிக்ளிப். பயாப்சி ரிப்போர்ட்ல ஈ.ஆர். பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனப் பிடிச்சு வளர்ற கட்டி), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2ங்கிற புரதம் அதிகமா இல்லாத கட்டி)னு இருக்கிறவங்களுக்கு வர்ற மருந்து இது. ஹெர்-2 பாசிட்டிவ்னா வைத்தியமே வேற, அத இதுல கலக்க வேண்டாம். 2023 ஜனவரியில இந்தியாவுல காப்புரிமை முடிஞ்சு ஜெனரிக் வந்ததால, இப்போ நிறைய வீட்டுல இந்த மருந்து இருக்கு. தப்பு நடக்கிறது பெரும்பாலும் மருந்துல இல்ல, காலண்டர்லதான்.

இத கொஞ்சம் கிட்ட காட்டுறேன். மாசக் காலண்டர், ரெண்டு பேனா. சிவப்பு பால்போசிக்ளிப், 125 மில்லிகிராம், தினம் ஒண்ணு. முதல் நாள்ல இருந்து 21 கட்டத்துல சிவப்புப் புள்ளி. அப்புறம் 7 கட்டம் காலி. நீலம் லெட்ரோசோல், அதாவது கூடவே போடுற, ஈஸ்ட்ரோஜனக் குறைக்கிற மாத்திரை, 2.5 மில்லிகிராம். அது 28 கட்டத்துலயும் வரணும். பாருங்க, காலியா விட்ட அந்த ஏழு கட்டத்துலயும் நீலம் இருக்கு. இங்கதான் கோட்டை விடுறாங்க. "லீவு வாரம்"னு சொன்னதும் ரெண்டையுமே நிறுத்திடுறாங்க. லீவு எலும்பு மஜ்ஜைக்கு, அங்க உருவாகுற வெள்ளணு (வெள்ளை ரத்த அணு) ஏறுறதுக்கு. ஈஸ்ட்ரோஜன அடக்குற வேலைக்கு லீவு கிடையாது.

லெட்ரோசோலுக்குப் பதிலா ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போடுறவங்களும் உண்டு. 500 மில்லிகிராம், ரெண்டு சிரிஞ்சாப் பிரிச்சு, பின்பக்கம் ரெண்டு பக்கமும். 1, 15, 29-ம் நாள், அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு. அந்த 15-ம் நாள் ஊசிய மறந்துடாதீங்க.

மாதவிடாய் இன்னும் நிக்காதவங்களுக்கு லெட்ரோசோல் மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது, சினைப்பைய ஊசி போட்டு அடக்கணும். கோசெரெலின்னா 3.6 மில்லிகிராம், 28 நாளைக்கு ஒருதடவை. வெள்ளணு குறைஞ்சு பால்போசிக்ளிப் ஒரு வாரம் தள்ளிப் போகும்போது, இந்த ஊசியையும் சேர்த்துத் தள்ளிடுறாங்க. தள்ளக்கூடாது. சிவப்பு தனி வண்டி, ஊசி தனி வண்டி.

சரி, ரத்தப் பரிசோதனை. 28 நாள் சேர்ந்தது ஒரு சுத்து. முதல் ரெண்டு சுத்துலயும் 1-ம் நாள், 15-ம் நாள் சி.பி.சி., அதாவது ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட் எடுப்பாங்க. ரிப்போர்ட்ல மொத்த வெள்ளணு 2,100, அதுல நியூட்ரோஃபில் (கிருமியோட சண்டை போடுற வெள்ளணு வகை) 45 சதவீதம்னு வச்சுக்குங்க. பெருக்கினா 945. இந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கையத்தான் ஏ.என்.சி.ன்னு சொல்றாங்க. ஆயிரத்துக்குக் கீழ போயிடுச்சேன்னு பதறி மாத்திரைய வீட்டுலயே நிறுத்தாதீங்க. காய்ச்சல் இல்லாம 15-ம் நாள் இந்த 945 வந்தா, வழக்கமா அதே அளவுல 21 நாளையும் முடிக்கச் சொல்லி, 22-ம் நாள் திரும்ப டெஸ்ட் எடுப்பாங்க. இதே 945 அடுத்த சுத்தோட 1-ம் நாள்ல வந்தா மருந்து ஆரம்பிக்க மாட்டாங்க, ஒரு வாரத்துக்குள்ள மறுபடி ரத்தம் பார்ப்பாங்க. நம்பர் ஒண்ணுதான், நாள் வேற. அதனால டாக்டருக்கு வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அனுப்பும்போது "இன்னிக்கு எத்தனாவது நாள்"னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. 500-க்குக் கீழன்னா எந்த நாளா இருந்தாலும் நிறுத்தி வைப்பாங்க.

கீமோவுல வெள்ளணு குறையறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. கீமோ மஜ்ஜை செல்களக் கொல்லுது. இது செல் பிரியறத நிறுத்தி வைக்குது, மருந்த எடுத்ததும் திரும்ப ஓட ஆரம்பிச்சிடும். அதனாலதான் ஒரு வாரம் போதுது. ஆனா காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்ட தொட்டா இந்த சமாதானமெல்லாம் செல்லாது. பாராசிட்டமால் போட்டுட்டுக் காத்திருக்காம, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும்.

பால்போசிக்ளிப் போட்டு வாந்தி எடுத்துட்டா அன்னிக்கு இன்னொண்ணு வேண்டாம். மறந்துட்டாலும் மறுநாள் ரெண்டு போடக்கூடாது. கேப்ஸ்யூலா இருந்தா சாப்பாட்டோடதான். மாத்திரை வடிவம்னா சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். உங்க கையில இருக்கிறது எதுன்னு அட்டையப் பாருங்க.

கிரேப்ஃப்ரூட் கூடாதுன்னு சொன்னதும் திராட்சைய நிறுத்தினவங்க நிறைய பேர்! அது திராட்சை இல்லைங்க, பெரிய ஆரஞ்சு மாதிரி ஒரு பழம். நம்ம ஊரு பம்பளிமாஸ் அதுக்குச் சொந்தக்காரன், அதையும் தவிர்க்கிறது நல்லது. திராட்சை தாராளமா சாப்பிடுங்க.

எனக்குப் பழத்த விடப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப்தான். படர்தாமரைக்குக் கேட்டதும் கொடுக்கிற இட்ராகோனசோல், சளிக்கு எழுதுற கிளாரித்ரோமைசின், ரெண்டுமே பால்போசிக்ளிப்ப உடம்புல தேங்க வச்சிடும். வெள்ளணு இன்னும் கீழ இறங்கும். டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் நேர் எதிர். மருந்த வேகமா வெளியேத்திடும், மாத்திரை போட்டும் பலன் இருக்காது. மருந்துப் பேர ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க. தோல் டாக்டர், பல் டாக்டர் யாருகிட்ட போனாலும், அவங்க பேனாவ எடுக்கிறதுக்கு முன்னாடி அத நீட்டுங்க.